விளையாட்டு நிருபர் வேலை: மாவட்டத்தில் இருந்துகொண்டு எப்படித் தொடங்குவது?

நெல்லை_வாசகன்

வணக்கம். பாளையங்கோட்டையில் பி.ஏ. தமிழ் இறுதியாண்டு படிக்கிறேன். விளையாட்டு நிருபர் ஆக வேண்டும். சில சந்தேகங்கள்: இதழியல் பட்டம் இல்லாமல் எடுப்பார்களா? இப்போதே என்ன பயிற்சி செய்யலாம்? சங்கர்நகர் மைதானத்தில் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்) நடக்கிறது, அண்ணா விளையாட்டரங்கில் தடகளம் நடக்கிறது. இதில் எதிலிருந்து ஆரம்பிப்பது? பிரஸ் பாஸ் எப்படி வாங்குவது? கிரிக்கெட் நன்றாகத் தெரியும், மற்றவை ஓரளவுதான். விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொன்னால் உதவியாக இருக்கும்.

இரவு டெஸ்க்

பட்டம் இருந்தால் நல்லது, கட்டாயம் இல்லை. ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள் தம்பி: தமிழ் நாளிதழில் சேர்ந்தால் ஆரம்ப ஆண்டுகள் பெரும்பாலும் மைதானத்தில் கழியாது, டெஸ்க்கில்தான் கழியும். பி.டி.ஐ. போன்ற ஏஜென்சிகளின் ஆங்கிலச் செய்தியைத் தமிழில் எழுதுவது, ஸ்கோர் அட்டையைச் சரிபார்ப்பது, தலைப்பு போடுவது, பக்கம் முடிப்பது. ஆகவே ஆங்கிலம் வாசித்துப் புரிந்துகொள்ளும் வேகம் வேண்டும். தமிழ் படித்தவர் என்பது உங்களுக்குப் பலம், அதை வீணாக்காதீர்கள்.

பயிற்சியை ஸ்கோர் அட்டையில் தொடங்குங்கள். எந்த அட்டை வந்தாலும் மூன்று கூட்டல் போட வேண்டும். பேட்ஸ்மேன்களின் ரன்னும் உதிரிகளும் (எக்ஸ்ட்ரா) சேர்ந்து அணியின் மொத்தம் வர வேண்டும். பவுலர்கள் கொடுத்த ரன்னோடு பை, லெக்-பை சேர்த்தாலும் அதே மொத்தம் வர வேண்டும் (வைடும் நோ-பாலும் பவுலர் கணக்கிலேயே இருக்கும், மறுபடி சேர்க்கக் கூடாது, பெனால்டி ரன் இருந்தால் மட்டும் தனியாகச் சேர்க்க வேண்டும்). பவுலர்களின் விக்கெட்டும், ரன்-அவுட் போன்ற பவுலர் கணக்கில் சேராத அவுட்டுகளும் சேர்ந்து விழுந்த விக்கெட் எண்ணிக்கை வர வேண்டும். மூன்றில் ஒன்று இடித்தாலும் ஸ்கோரரிடம் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

அடிக்கடி தப்பாகும் இடம் ஓவர் கணக்கு. 18.3 ஓவர் என்பது பதினெட்டரை ஓவர். 150 ரன்னை 18.3-ல் எடுத்தால் ரன்ரேட் 150-ஐ 18.5-ஆல் வகுத்து 8.11. கால்குலேட்டரில் 18.3 என்றே அடித்தால் 8.20 என்று வரும், தவறு. நெட் ரன்ரேட் (எடுத்த ரன்ரேட்டில் கொடுத்த ரன்ரேட்டைக் கழித்தது) போடும்போது ஓர் அணி ஆல்-அவுட் ஆகியிருந்தால், எத்தனை ஓவரில் சுருண்டாலும் முழு 20 ஓவர் என்றே எடுக்க வேண்டும்.

அடுத்தது நேரம். இரவு 7.30 மணி ஆட்டம் முடிய 11.15 ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு உட்கார்ந்து எழுதினால் பக்கம் உங்களுக்காகக் காத்திருக்காது. முதல் இன்னிங்ஸ் முடிந்த இடைவேளையிலேயே அதைப் பற்றி 120 சொல் எழுதி அனுப்பிவிட வேண்டும். சேஸிங்கில் 15 ஓவர் ஆனதும், எந்த அணி வென்றாலும் பொருந்தும்படி இரண்டு தனித்தனி முதல் பத்திகள் தயாராக இருக்க வேண்டும். கடைசிப் பந்து முடிந்த ஐந்து நிமிடத்தில் எண்களை நிரப்பி அனுப்புங்கள். கேப்டன் பேட்டி, ஆட்ட நாயகன் எல்லாம் அடுத்த எடிஷனுக்கு. நிரப்ப வேண்டிய இடத்தில் 000 போட்டு வையுங்கள். உத்தேசமாக 42 என்று போட்டால் யார் கண்ணிலும் படாமல் அப்படியே அச்சாகிவிடும்.

ரஞ்சிக் கோப்பை வேறு மாதிரி. லீக் ஆட்டங்கள் நான்கு நாள். ஆட்டம் டிராவில் முடிந்தால் முதல் இன்னிங்ஸ் முன்னிலை பெற்ற அணிக்கு 3 புள்ளி, மற்றதற்கு 1. நேரடி வெற்றிக்கு 6. இன்னிங்ஸ் வெற்றியோ 10 விக்கெட் வெற்றியோ என்றால் கூடுதலாக 1. எனவே மூன்றாம் நாளில் ஒருவர் சதம் அடித்திருந்தாலும், அன்றைக்கு முன்னிலை கைமாறியிருந்தால் முதல் பத்தியில் அதுதான் வர வேண்டும். சதத்தையே தலைப்பாக வைத்துப் புள்ளிக் கணக்கைக் கடைசி வரியில் தள்ளும் செய்திகள் இன்றும் வருகின்றன, வருத்தமாக இருக்கிறது.

கோட்டோரம்

டெஸ்க் அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனா தம்பி, கிரிக்கெட்டுக்கு ஏற்கெனவே ஆள் நிறைய. நீங்க இருக்கிற ஊர்ல தடகளமும் கபடியும் சதுரங்கமும்தான் எழுத ஆளில்லாம கிடக்கு. அங்க ஆரம்பிங்க.

தடகளம்: மாவட்டப் போட்டிகள்ல பல இடத்துல இன்னும் ஸ்டாப்வாட்ச்தான். கையால எடுத்த நேரம் 10.6-ன்னு ஒரு தசமத்தோட நிக்கும். அதை 10.60-ன்னு எழுதினா மின்னணு நேரம்ன்னு அர்த்தம் ஆயிடும். ஒப்பிட்டே ஆகணும்னா 100, 200 மீட்டருக்கு 0.24 விநாடி, 400-க்கு 0.14 கூட்டிப் பார்ப்பாங்க, அப்ப 10.6 கிட்டத்தட்ட 10.84. இது தெரியாம "மாநில சாதனையை நெருங்கினார்"னு எழுதி, பாவம் அந்தப் பையன் மேல இல்லாத சுமையை ஏத்திடுறாங்க. 100, 200, தடை ஓட்டத்துல 100/110, நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதல் எல்லாத்துக்கும் காற்றின் வேகம் கேளுங்க. பின்னாலிருந்து விநாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல அடிச்சா அது சாதனையா சேராது. காற்றுமானியே இல்லேன்னா "சாதனை"ங்கிற சொல்லைத் தொடாதீங்க.

கபடி: "35-28 என்ற புள்ளிக் கணக்கில் வென்றது"ன்னு மட்டும் எழுதினா அது செய்தியே இல்ல. நோட்டுல ஐந்து கட்டம் போட்டுக்கோங்க: மீதி நேரம், ரைடர் (பாடிப் போறவர்) பனியன் நம்பர், கிடைச்ச புள்ளி, வெளியே போனவர் நம்பர், அப்போதைய ஸ்கோர். ஒரு ரைடு 30 விநாடிதான், எழுத்தெல்லாம் வேணாம், எண்ணும் குறியும் போதும். லோனா விழுற இடத்துல வட்டம் போடுங்க. எதிரணி மொத்தமும் காலியாகி 2 புள்ளி கூடுதலா வர்ற அந்த இடத்துலதான் பெரும்பாலும் ஆட்டம் திரும்பும். எதிர்ப்பக்கம் ஆறு பேராவது நின்னாத்தான் போனஸ் உண்டுங்கிறதும் தெரிஞ்சிருக்கணும், இல்லேன்னா ரைடர் போனஸ் கோட்டைத் தாண்டியும் ஏன் புள்ளி வரலைன்னு புரியாது. ஆட்டம் முடிஞ்சதும் நடுவர் கையெழுத்துப் போட்ட ஸ்கோர் ஷீட்டை அனுமதி கேட்டு ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. பேரு, இனிஷியல், ஊரு எல்லாம் வீரர்கிட்டயே வாசிச்சுக் காட்டிச் சரிபாருங்க.

சதுரங்கம்: மூன்றாவது நார்ம் (ஒரு போட்டியில கிராண்ட்மாஸ்டர் தரத்துக்கு ஆடினதுக்கான தகுதி) வாங்கின உடனே "கிராண்ட்மாஸ்டர் ஆனார்"னு போடுறது ரொம்பப் பெரிய தப்பு. நார்ம்களோட ஒருமுறையாவது 2500 ரேட்டிங்கைத் தொட்டிருக்கணும், பிறகு ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) உறுதி செய்யணும். அதுவரைக்கும் "தகுதி பெற்றார்", "இன்னும் இத்தனை ரேட்டிங் தேவை"ன்னு எழுதுங்க. ஆனந்த் 1988-ல முதல் ஆளா பட்டம் வாங்கின நாட்டுல, குகேஷ் 2024-ல உலகச் சாம்பியன் ஆன பிறகு, வாசகருக்கு இதையெல்லாம் புரிஞ்சுக்கிற ஆர்வம் கண்டிப்பா இருக்கு.

வலைப்பந்து_77

இப்ப யூடியூப் சேனல் ஆரம்பிச்சாலே போதுமே, பத்திரிகை எதுக்கு?

நான்காவது வரிசை

சேனல் தாராளமாக ஆரம்பிக்கலாம். ஆனால் ஒளிபரப்புக் காட்சியை வெட்டிப் போட்டால் உரிமை மீறல் புகார் வந்து சேனலே முடங்கும். சொந்தமாக எடுத்த பேட்டி, சொந்தமாகத் தயாரித்த புள்ளிவிவரம் இரண்டும்தான் பாதுகாப்பானவை. மைதானத்தில் ஆட்டம் நடக்கும்போது செல்போனில் வீடியோ எடுத்துப் பதிவிட்டால் அங்கேயே உங்கள் அனுமதி அட்டையைப் பறித்துக்கொள்வார்கள். உரிமையை வேறொருவர் விலைக்கு வாங்கியிருக்கிறார்.

பிரஸ் பாஸ் பற்றிக் கேட்டீர்கள். அரசு தரும் செய்தியாளர் அட்டை வேறு, போட்டிக்கான அனுமதி அட்டை வேறு. பெரிய போட்டிகளுக்கு ஒவ்வொரு முறையும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கடைசித் தேதி போட்டிக்கு வெகு முன்பே முடிந்துவிடும். ஆசிரியரின் கடிதம், அடையாள அட்டை, புகைப்படம், முன்பு வெளியான செய்திகளின் நகல் இவற்றை ஒரே கோப்பாக வைத்திருங்கள். நிறுவனம் இல்லாதவருக்கு கிரிக்கெட்டில் இடம் கிடைப்பது கடினம். ஒலிம்பிக்கில் எழுத்துப் பத்திரிகையாளர் இடங்களை ஒவ்வொரு நாட்டின் ஒலிம்பிக் சங்கமும் ஒதுக்கீட்டுக்குள் பகிர்கிறது. மாவட்டப் போட்டிக்கு இந்தச் சிரமம் எதுவும் இல்லை. சங்கச் செயலாளரை முந்தின நாளே பார்த்து, அட்டவணையும் அணிப் பட்டியலும் கேட்டு வாங்கினால் போதும்.

பேட்டியில் "எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்டால் "மகிழ்ச்சி, பயிற்சியாளருக்கு நன்றி" என்பதுதான் பதில். "ஏழாவது ஓவரில் ஸ்லிப்பை எடுத்துவிட்டு மிட்-விக்கெட்டில் ஆள் நிறுத்தினீர்களே, ஏன்?" என்று கேளுங்கள். ஆட்டத்தைப் பார்த்தவர் கேட்கும் கேள்வி என்று தெரிந்தால் வீரர் மனம்விட்டுப் பேசுவார்.

சட்டம் தொடர்பான இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. ஊக்கமருந்துச் சோதனையில் இரண்டாகப் பிரித்து வைக்கும் மாதிரியில் முதலாவதான ஏ மாதிரி பாசிட்டிவ் என்று வந்தால் வீரர் குற்றவாளி ஆகிவிடவில்லை. பி மாதிரியைச் சோதிக்கக் கேட்க அவருக்கு உரிமை உண்டு, விசாரணையும் உண்டு. "தற்காலிகத் தடை" என்றால் அதையே எழுதுங்கள். பயிற்சியாளர் மீது சிறார் பாலியல் புகார் வந்தால் போக்சோ (சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும்) சட்டம் 23-ம் பிரிவுப்படி குழந்தையின் அடையாளம் வெளிவரக் கூடாது. பெயரை மறைத்து, "மாநிலப் போட்டியில் வெள்ளி வென்ற, இந்தப் பள்ளியின் 9-ம் வகுப்பு மாணவி" என்று எழுதினால் ஊருக்கே தெரிந்துவிடும். அதுவும் மீறல்தான்.

நெல்லை_வாசகன்

எல்லோருக்கும் நன்றி. எங்கள் பக்கம் ஓடுதளம் பழுதாகிக் கிடக்கிறது என்று வீரர்கள் சொல்கிறார்கள். அதை எழுத எப்படித் தகவல் எடுப்பது? பகுதிநேரமாக எழுதினால் பணம் தருவார்களா?

நான்காவது வரிசை

ஓடுதளத்துக்கு ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்கள். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் சரிசெய்யவில்லை?" என்று கேட்டால் பதில் வராது. ஆவணம் கேளுங்கள்: ஓடுதளம் அமைத்த பணி ஆணையின் நகல், பணி முடிப்புச் சான்று, ஒப்பந்தத்தில் உள்ள பராமரிப்புக் காலம், கடைசி மூன்று நிதியாண்டுகளில் பராமரிப்புச் செலவு. இதற்கிடையே பழுதான இடங்களை அளவுகோல் வைத்து, எந்த லேன், எத்தனையாவது மீட்டர் என்று குறித்துப் படம் எடுங்கள். அந்த இடத்தில் கால் பிசகிய வீரர்களிடம் மருத்துவச் சீட்டைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். அதிகாரியின் தரப்பையும் கேட்டு, பதில் தராவிட்டால் எந்தத் தேதியில் கேட்டோம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பணம்: பகுதிநேர நிருபருக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் இருக்காது, வெளியான செய்திக்கு இவ்வளவு என்றுதான். ஒரு செய்திக்கு எவ்வளவு, படத்துக்குத் தனியா, பயணச் செலவு உண்டா, எந்தத் தேதிக்குள் வரும் என்பதை முதல் செய்திக்கு முன்பே வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள். போட்டி நடத்துபவர் "போக்குவரத்துக்கு வைச்சுக்கோங்க" என்று கவர் நீட்டினால் வாங்காதீர்கள். அடுத்த வருடம் அதே சங்கத்தின் அணித் தேர்வில் முறைகேடு என்று ஒரு தகப்பனார் உங்களைத் தேடி வரும்போது, நீங்கள் எழுதக்கூடிய நிலையில் இருக்க வேண்டும்.