ஆறு ஆண்டுகளாகப் பேணிய ஒயின் ஈஸ்ட் மாறிவிட்டதா? உதவி தேவை

கேள்வி:
வணக்கம். ஒயின் தயாரிப்புக்கென ஒரே சாக்கரோமைசிஸ் செரிவிசியே வகையை ஆறு ஆண்டுகளாகச் சாய்வு அகாரில் (குழாயில் சாய்வாக உறைந்த ஊட்டக் கூழில்) பேணி வருகிறேன். கலப்பு நேராதிருக்க, மூன்று மாதத்திற்கு ஒருமுறை தட்டில் பரப்பி, ஒரேயொரு காலனியை (ஒரு செல்லிலிருந்து பெருகிய திரளை) மட்டும் புதிய குழாய்க்கு மாற்றுவேன். கடந்த இரு பருவங்களாக நொதித்தல் இறுதியில் தளர்ந்து சர்க்கரை மிஞ்சுகிறது. அழுகிய முட்டை வாடையும் எழுகிறது. தட்டில் மிகச் சிறிய காலனிகளும் தென்படுகின்றன. ஈஸ்ட் மாறிவிட்டதா, அல்லது வேறு ஈஸ்ட் புகுந்துவிட்டதா?

முதல் பதில்:
மூன்று அறிகுறிகளுக்கும் காரணம் ஒன்றே என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். சிறிய காலனிகளைக் கிளிசரால் மட்டுமே கரிம ஊட்டமாக உள்ள தட்டில் வளர்த்துப் பாருங்கள். வளராவிட்டால், மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. பழுதுபட்ட 'பெட்டிட்' செல்களாக இருக்கலாம். நூற்றுக்கு ஒன்றிரண்டு இருப்பது வியப்பன்று. வாடைக்கு முதலில் சாற்றின் நைட்ரஜனைச் சந்தேகியுங்கள்: ஈஸ்ட் பயன்படுத்தத்தக்க நைட்ரஜன் லிட்டருக்கு 140 மி.கி.க்குக் கீழே போனால் இத்தொல்லை வழக்கமானது. அசல் ஈஸ்ட் கையிருப்பில் இருந்தால், அதே சாற்றில் இரண்டையும் அருகருகே நொதிக்க விடுங்கள். ஈஸ்டின் டி.என்.ஏ.வில் பல இடங்களில் திரும்பத் திரும்ப வரும் டெல்டா வரிசைகளுக்கு இடைப்பட்ட பகுதிகளை, டி.என்.ஏ. துண்டுகளைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். மூலம் ஒப்பிட்டால் அந்நிய ஈஸ்ட் புகுந்ததா என்பதும் தெரிந்துவிடும்.

கேட்டவர்:
செய்து பார்த்தேன். சிறிய காலனிகள் கிளிசராலில் வளரவில்லை. நூற்றுக்கு இரண்டே இருந்தன. பி.சி.ஆர். பட்டைகள் (நீளவாரியாகப் பிரிந்து கோடுகளாகத் தெரியும் டி.என்.ஏ. துண்டுகள்) அசலோடு ஒத்துப்போகின்றன. வாடை இரண்டு கலன்களிலும் சம அளவில் வந்தது. ஆனால் அசல் ஈஸ்ட் சர்க்கரையை முழுவதும் முடித்தது, என்னுடையது முடிக்கவில்லை. பட்டைகள் ஒன்றாக இருக்க, இது எப்படி?

இரண்டாம் பதில்:
அந்தப் பட்டைகள் வெளியாள் இல்லை என்பதை மட்டுமே காட்டுகின்றன. உள்ளே ஏதும் மாறவில்லை என்பதற்கு அவை சான்றாகா. வாடை சாற்றின் குறை, தளர்ச்சி உங்கள் ஈஸ்டின் குறை எனப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு கலனில் மில்லிலிட்டருக்கு 10 லட்சம் செல்கள் 10 கோடியாவதற்கு ஏழு தலைமுறைகளே ஆகின்றன. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒரு காலனிக்குக் குறைந்தது இருபது தலைமுறைகள் தேவை. உங்கள் 24 மாற்றங்களில் குறைந்தது 480 தலைமுறைகள் கடந்துள்ளன. அதைவிட முக்கியம், ஒவ்வொரு முறையும் அனைத்தும் ஒற்றைச் செல்லின் வழியாகச் சென்றன என்பதுதான். பெருங்கூட்டத்தில் போட்டியிட்டு மறைந்திருக்கக்கூடிய பலவீனம், தற்செயலாக அச்செல்லில் இருந்தால் முழுக் குழாய்க்கும் உரியதாகிவிடும். சடுதிமாற்றங்களைத் திரட்டி ஆராய்பவர்கள் வேண்டுமென்றே கையாளும் முறையும் இதுவே! நீங்கள் தூய்மைக்காகச் செய்தது வேறு விளைவைத் தந்துவிட்டது.

டி.என்.ஏ.வில் ஓர் எழுத்துப் பிழை போன்ற மாற்றங்கள் அரியவை: ஒரு செல் பிரிவுக்கு, டி.என்.ஏ.வின் ஓர் எழுத்துக்கு, 1000 கோடியில் ஓரிரண்டு என்ற அளவே. ஒயின் ஈஸ்டுகள் பெரும்பாலும் இருமயம் (ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டிரண்டாக உள்ளவை) என்பதால், குரோமோசோம் இணையின் ஒரு பகுதி மறுசேர்க்கையால் ஒரே மாதிரியாகி, அதுவரை இணையின் நல்ல பிரதியால் மறைந்திருந்த ஒடுங்கு குறை வெளிப்படுவதையும், குரோமோசோம் எண்ணிக்கை கூடுவதையோ குறைவதையோ நான் முதலில் எண்ணுவேன்.

முதல் பதில் எழுதியவர்:
உடன்படுகிறேன். ஆயினும் மாற்றமெல்லாம் கேடன்று. 8, 16ஆம் குரோமோசோம்களுக்கிடையே நிகழ்ந்த இடமாற்றம் பல ஒயின் ஈஸ்டுகளுக்கு, ஒயின் கெடாதிருக்கச் சேர்க்கும் சல்பைட்டைத் தாங்கும் வலிமையைத் தந்துள்ளது. உங்கள் குழாயைக் கைவிட்டு அசலிலிருந்து தொடங்குங்கள். பல காலனிகளைச் சேர்த்து வளர்த்து, 20 விழுக்காடு கிளிசராலில், மைனஸ் 80 பாகை செல்சியஸில் பல சிறு குப்பிகளாக உறைய வைத்து, பருவத்துக்கு ஒன்றாக எடுங்கள். எடுத்ததை மீண்டும் உறைய வைக்காதீர்கள்.