36 வயதில் இடுப்பு மாற்று: எலும்பை எவ்வளவு மிச்சம் பிடிக்க முடிந்தது?

ஈரோடு, வயது 36

வணக்கம். தறிப்பட்டறை வைத்திருக்கிறேன். தோல் நோய்க்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டேன். அதன்பின் இடது தொடை இடுக்கில் வலி. வாயுப் பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்தே எட்டு மாதம் போனது. எம்ஆர்ஐ எடுத்தபோதுதான் ஏவிஎன் என்று தெரிந்தது: ரத்த ஓட்டம் நின்று, தொடை எலும்பின் பந்து செத்துப்போவது. அதற்குள் பந்து அமுங்கியும் விட்டது.

முதலில் பார்த்த டாக்டர், "இந்த வயசுல மாத்தினா பின்னாடி இன்னொரு ஆபரேஷன் வரும், முடிஞ்சவரைக்கும் தள்ளிப் போடுங்க" என்றார். தூங்கவே முடியாதவன் எப்படித் தள்ளிப் போடுவது?

இரண்டாவதாகப் பார்த்தவர்தான் எலும்பைப் பற்றிப் பேசினார். வழக்கமான மாற்றில் பந்தைக் கழுத்தோடு அறுத்துவிட்டு, தொடை எலும்பின் குழலுக்குள் முக்கால் சாண் நீளத்துக்கு உலோகத் தண்டு ஒன்றை இறக்குவார்களாம். பிற்காலத்தில் அதைக் கழற்றும்போது எலும்பும் சேதமாகலாம். ஷார்ட் ஸ்டெம் என்கிற குட்டைத் தண்டு கிட்டத்தட்ட நடுவிரல் நீளம்தான், மேல்பகுதியிலேயே பிடித்துக்கொள்ளும். கீழே உள்ள எலும்பு அடுத்த ஆபரேஷனுக்கென்று தொடாமல் இருக்கும்.

ரீசர்ஃபேசிங் செய்ய முடியாதா என்று கேட்டேன். பந்தை அறுக்காமல் செதுக்கி, மேலே உலோகக் குல்லா மாட்டுவது அது. எம்ஆர்ஐ படத்தைக் காட்டி, "குல்லாவைத் தாங்க உள்ளே உயிருள்ள எலும்பு வேணும். உங்களுக்குப் பாதிக்கு மேல செத்திருக்கு" என்றார். ஏமாற்றம்தான், ஆனால் காரணம் புரிந்தது. ஷார்ட் ஸ்டெம், செராமிக் பந்து, பாலிஎத்திலீன் (ஒருவகை பிளாஸ்டிக்) கிண்ணம் வைத்தார்கள். மறுநாளே வாக்கரில் நடந்தேன். மூன்று மாதத்தில் பட்டறைக்குப் போய்விட்டேன். குலதெய்வக் கோயில் பந்தியில் எல்லோரும் தரையில் உட்கார, நான் மட்டும் நாற்காலியில். அதுதான் இன்னும் மனசுக்குக் கஷ்டம்.

கோவை, வயது 41

தம்பி, உங்கள் வலி எனக்குத் தெரியும். நான் மாவட்ட அளவில் பேட்மிண்டன் ஆடியவள். 2019 ஜனவரியில் ரீசர்ஃபேசிங் செய்துகொண்ட டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரி, அதே அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் ஒற்றையர் பட்டம் ஜெயித்தார். அந்தச் செய்தியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டே டாக்டரிடம் போனேன். பெண்களுக்குப் பந்து சிறியது, சிறிய அளவுகளில் உலோகம் உரசித் தேய்ந்து கோபால்ட், குரோமியம் ரத்தத்தில் கலப்பது அதிகம் என்றார். பர்மிங்ஹாம் என்ற ரீசர்ஃபேசிங் மாடலைப் பெண்களுக்கும், 46 மி.மீ. வரையிலான பந்துகளுக்கும் வேண்டாம் என்று 2015-ல் தயாரித்த நிறுவனமே நிறுத்திக்கொண்டதாம். எனக்கும் ஷார்ட் ஸ்டெம்தான். இப்போது நீச்சல், சைக்கிள். பேட்மிண்டன் மட்டையைத் தங்கை மகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

சென்னை

நான் ரீசர்ஃபேசிங் ஆள். 2008-ல், 38 வயதில் செய்துகொண்டேன். பந்து 50 மி.மீ.; எனக்கு வந்தது மூட்டுத் தேய்மானம்தான், எலும்பு நன்றாக இருந்தது. அதனால்தான் எனக்கு ஒத்துவந்தது. வலி இல்லை, மாடிப்படி சாதாரணமாக ஏறுகிறேன். ஆனால் வலி இல்லை என்பதற்காகச் செக்கப்பை விடக்கூடாது. உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டு இது. எக்ஸ்ரேயும், ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவும் தவறாமல் பார்க்கிறேன்.

இருவருக்கும் ஒன்று சொல்கிறேன். ஆபரேஷன் குறிப்பில் இம்ப்ளான்ட் ஸ்டிக்கர், அதாவது உள்ளே வைத்த செயற்கை மூட்டின் ஸ்டிக்கர், ஒட்டியிருப்பார்கள். மாடல், அளவு, லாட் நம்பர் எல்லாம் அதில்தான் இருக்கும். இருபது வருஷம் கழித்துக் கழற்றப்போகிற டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். எனக்கு ஆபரேஷன் செய்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். என்னிடம் இருப்பது அந்தத் தாள் மட்டும்தான்.

ஈரோடு, வயது 36

அண்ணா, ரொம்ப நன்றி. பைலைத் தேடினேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டிக்கர் இல்லை. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் குறிப்பின் நகல் கேட்கிறேன்.