குஞ்சுக் கொட்டகையில் பின்னிரவு வெப்பத்தைச் சீராக வைப்பது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். தேன்கனிக்கோட்டைக்கு அருகே நாட்டுக்கோழி வளர்த்து வருகிறேன். பத்து நாள்களுக்கு முன் இறக்கிய 150 குஞ்சுகளில் ஒன்பது, ஒரே இரவில், தடுப்பின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கி இறந்துவிட்டன. அந்தக் காட்சி இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை.

மூலையே இல்லாதபடி தகரத் தடுப்பை இப்போது வட்டமாக மாற்றி, உமி பரப்பி, மூன்று 100 வாட் குண்டு பல்புகளைச் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கிறேன். முதல் வாரம் குஞ்சுகளின் முதுகு மட்டத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட், பின்னர் வாரத்துக்கு 5 டிகிரி குறைவு என்ற கணக்கை அறிவேன். ஆனால் இங்குள்ள குளிரில் இரவு இரண்டு மணிக்கு மேல் வெப்பம் 80 டிகிரிக்குச் சரிந்துவிடுகிறது. பல்பைத் தாழ்த்தினாலோ, மின்னழுத்தம் உயரும்போது குஞ்சுகள் அலகைத் திறந்து மூச்சிரைத்தபடி ஓரத்துக்கு ஒதுங்குகின்றன, உமியில் தீப்பிடிக்குமோ என்ற அச்சத்தில் எனக்கும் உறக்கமில்லை.

வெப்பத்துக்கேற்பப் பல்பைத் தானாக அணைத்து எரியவைக்கும் தெர்மோஸ்டாட் பொருத்தியவர்கள், அதன் உணரியை எந்த உயரத்தில், பல்பிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தீர்கள் என்று கூறுங்கள். பல்பு அணைந்ததும் இருட்டில் குஞ்சுகள் மிரளாமலிருக்க ஒளி தராத செராமிக் ஹீட்டரும் தனியே ஒரு சிறு விளக்கும் வைப்பது நல்லதா? மூடிய கொட்டகையில் நச்சுப்புகை சேரும் என்பதால் கரி அடுப்பு வைக்க எனக்கு விருப்பமில்லை. மின்தடை நேரத்தில் தளி, ஓசூர்ப் பகுதி நண்பர்கள் வேறு என்ன செய்கிறீர்கள்?