ஷேர் ஆட்டோவை எடுக்கச் சொல்வதா, நிற்க இடம் கேட்பதா? மனுவில் என்ன எழுதலாம்?

கூட்ரோடு_வாசி:

தென்சென்னைப் புறநகர். கூட்ரோட்டிலிருந்து எங்கள் நகர்கள் வழியாக ரயில் நிலையம் வரை சுமார் 6 கி.மீ. பஸ் உண்டு, ஆனால் இடைவெளி அதிகம். மீதிக் கூட்டத்தை மேஜிக், ஆப்பே என்ற ஷேர் ஆட்டோ வண்டிகள்தான் தாங்குகின்றன. அவை பஸ் நிறுத்தத்தின் வாயிலேயே நிற்பதால் பஸ் நடுரோட்டில் நின்று ஆள் ஏற்றுகிறது. போலீஸ் வந்தால் வண்டிகள் கலைகின்றன, போனதும் திரும்ப வந்துவிடுகின்றன.

நலச்சங்கத்தில் பாதிப் பேர் "மொத்தமா எடுக்கச் சொல்லி மனு கொடுப்போம்" என்கிறார்கள். மீதிப் பேர் "எடுத்துட்டா காலைல ஸ்டேஷனுக்கு எப்படிப் போறது?" என்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியவை: இந்த வண்டிகள் சட்டப்படி ஓடுகின்றனவா? விபத்து நடந்தால் பயணிக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா? மினி பஸ் கேட்பது நல்லதா? மனுவோடு என்ன விவரம் இணைத்தால் அதிகாரிகள் மதிப்பார்கள்?

தடம்_எண்:

மனுவுக்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. ஷேர் ஆட்டோ நேரம் பார்த்துக் கிளம்புவதில்லை, ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். 8 பேர் ஏறும் வண்டி என்று வையுங்கள். காலை 8 மணிக்கு நிமிடத்துக்கு ஒருவர் வந்தால் 8 நிமிடத்தில் வண்டி நகரும். மதியம் 2 மணிக்கு 4 நிமிடத்துக்கு ஒருவர்தான் வருகிறார் என்றால் 32 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் யாரும் உட்கார மாட்டார்கள். முதலில் ஏறியவர் பொறுத்துப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார், அதனால் அடுத்து வருபவருக்கும் வண்டி காலியாகத்தான் தெரியும். டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சாப்பிடப் போவார். இரவு 9 மணிக்கு மேல் வண்டியே இல்லாமல் போவதற்கும் இதுதான் காரணம். அவர் முதலில் அன்றைய வாடகையையோ வண்டி டியூவையோ எடுக்க வேண்டும், பிறகு எரிபொருள் செலவு, அதற்கு மேல் வருவதுதான் வீட்டுக்கு. காலையில் ஸ்டேஷனுக்கு நிறைந்து போகும் வண்டி திரும்பும்போது பாதி காலியாக வரும். போகும் சவாரியின் காசில்தான் இரண்டு பக்க எரிபொருளும் கழிகிறது. அவரிடம் "ராத்திரியும் ஒழுங்கா ஓட்டுப்பா" என்று சொல்லிப் பயனில்லை.

ஆகவே காலையும் மாலையும் ஷேர் ஆட்டோவே ஓடட்டும். மதியத்துக்கும் இரவுக்கும் பஸ் கேளுங்கள். பெரும்பாலான மனுக்கள் நேர்மாறாக, "காலை 8 மணிக்குக் கூடுதல் பஸ்" என்று கேட்கின்றன. அந்த நேரத்தில் எந்த டிப்போவிலும் உதிரி பஸ் இருக்காது, எல்லாம் ரோட்டில் இருக்கும். மதியமோ இரவோ என்றால் வண்டி இருக்கும், டிரைவர் கண்டக்டர் டூட்டியை நீட்டுவதுதான் பிரச்சினை. கேட்டால் கிடைக்க வாய்ப்புள்ளது அதுதான்.

மினி பஸ் பற்றி: 2024ஆம் ஆண்டு மினி பஸ் திட்டத்தில் தடம் 25 கி.மீ.க்குள் இருக்க வேண்டும், அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் ஓடாத பாதையாக இருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் 6 கி.மீ.யில் ஏற்கெனவே பஸ் ஓடுகிறது. மெயின் ரோட்டில் வராமல் நகர்களின் உள்தெருக்கள் வழியாகப் போகும் தடம் ஒன்றை வரைந்து கேட்டால்தான் பேச்சே தொடங்கும். உங்கள் பகுதி அந்தத் திட்டத்துக்குள் வருகிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆர்.சி_புக்:

சட்டக் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் இரண்டு வகை. ஆறு பேருக்கு மேல் ஏற்றி, ஒவ்வொருவரிடமும் தனிக் கட்டணம் வாங்கி ஓடும் பஸ் மாதிரி வண்டி ஒரு வகை. மொத்தமாக வாடகைக்குப் பேசி ஓடும் ஒப்பந்த வண்டி இன்னொன்று. ஒப்பந்த வண்டி வழியில் நிறுத்தி வேறு ஆளை ஏற்றி இறக்கக் கூடாது. ஆனால் அதே சட்டத்தின் 2(7) பிரிவு, மோட்டார் கேப் (ஆறு பயணிகள் வரை), மேக்ஸி கேப் (ஆறுக்கு மேல் பன்னிரண்டு வரை) வண்டிகள் தனித்தனிக் கட்டணம் வாங்கினாலும் ஒப்பந்த வண்டிதான் என்கிறது. ஆகவே "தலைக்கு இவ்வளவுன்னு காசு வாங்குறதே தப்பு" என்று மனுவில் எழுதாதீர்கள். தகராறு இரண்டு இடத்தில்தான்: வழிநெடுக ஏற்றி இறக்குவது, ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) உள்ள இருக்கைக்கு மேல் ஏற்றுவது.

பர்மிட் மீறல் 192ஏ பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. அதிக ஆள் ஏற்றினால் 194ஏ, கூடுதலாக ஏறிய ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய். அவர்களை இறக்கி மாற்று வண்டிக்கு ஏற்பாடு செய்யும் வரை வண்டி நகரக் கூடாது.

இன்சூரன்ஸ்தான் உங்கள் சங்கத்தில் எல்லாரும் கேட்க வேண்டிய விஷயம். பர்மிட் இல்லாமல் ஓடிய வண்டி என்றால், கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் அம்ரித் பால் சிங் வழக்கில் சொன்னது. அதிக ஆள் ஏற்றிய வழக்கு வேறு மாதிரி. 2007 அஞ்சனா ஷியாம் தீர்ப்புப்படி, பாலிசியில் எத்தனை பேருக்கு இன்சூரன்ஸ் உண்டோ அத்தனை பேருக்கான தொகைதான் கம்பெனியின் பொறுப்பு. 7 பேருக்கு இன்சூரன்ஸ் உள்ள வண்டியில் 12 பேர் அடிபட்டால், தீர்ப்பான இழப்பீடுகளில் பெரிய 7 தொகைகளைக் கூட்டிக் கம்பெனி கட்டும். அதை 12 பேரும் விகிதப்படி பிரித்துக்கொள்ள வேண்டும், பாக்கியை வண்டிக்காரரிடம்தான் வாங்க வேண்டும். டியூ கட்டிக்கொண்டிருப்பவரிடம் என்ன இருக்கும்? பின்கதவு ஏணியில் தொங்குபவர் தன் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை, உள்ளே உட்கார்ந்திருப்பவரின் இழப்பீட்டையும் குறைக்கிறார். மனுவில் வேறு எதையும் கேட்காவிட்டாலும் "ஆர்.சி. இருக்கைக்கு மேல் ஏற்றக் கூடாது" என்று கேளுங்கள்.

"இவங்களுக்கே பஸ் பர்மிட் கொடுத்துடுங்க" என்றும் எழுத வேண்டாம். அரசுடைமை ஆன தடத்தில் தனியாருக்கு அப்படிக் கொடுக்கச் சட்டத்தின் ஆறாவது அத்தியாயம் தடை போடுகிறது. ஆர்.டி.ஓ. நினைத்தாலும் முடியாது.

டைம்கீப்பர்:

எண்ணிக்கை எடுக்கும் முறை. இரண்டு பேர், ஒரு நோட்டு, ஒரு கடிகாரம் போதும். செவ்வாய், புதன், வியாழனில் ஏதாவது ஒரு நாள், பிறகு ஒரு சனிக்கிழமை. மழை நாள், பள்ளி விடுமுறை, முகூர்த்த நாள் வேண்டாம். காலை 7 முதல் 10, மதியம் 1 முதல் 3, இரவு 7 முதல் 10.

ஒவ்வொரு வண்டிக்கும் எழுத வேண்டியது: நம்பரின் கடைசி நான்கு இலக்கம், முதல் ஆள் ஏறிய நேரம், கிளம்பிய நேரம், கிளம்பும்போது எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை. பெண்களைத் தனியாக எண்ணக் காரணம் இருக்கிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. அப்படியும் காசு கொடுத்து ஷேர் ஆட்டோவில் ஏறுகிறார்கள் என்றால் அந்த நேரத்துக்குப் பஸ் வரவில்லை என்று அர்த்தம். டிப்போவில் பேச இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

நான்கு இலக்கம் எதற்கு? அதே வண்டி எத்தனை நிமிடத்தில் திரும்ப வருகிறது என்று அதில் தெரிந்துவிடும். ஒரு சுற்றுக்கு 48 நிமிடம், 4 நிமிடத்துக்கு ஒரு வண்டி கிளம்புகிறது என்றால் தடத்தில் 12 வண்டி ஓடுகின்றன. கூட்ரோட்டில் ஒரே நேரத்தில் 9 வண்டி நின்றால் அது தேவைக்கு மேல். "12 போதும், 20 வேண்டாம்" என்று பேச உங்களிடம் எண் இருக்கும்.

பலர் கோட்டை விடும் இடம்: ஸ்டாண்டில் மட்டும் எண்ணிவிட்டு முடித்துக்கொள்வது. வழியில் ஏறுபவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். ஒருவர் போனில் ஜி.பி.எஸ். பதிவைப் போட்டுக்கொண்டு நான்கைந்து ட்ரிப் வண்டியிலேயே போய், எங்கே ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள் என்று குறிக்க வேண்டும். கென்யாவின் நைரோபியில் ஷேர் ஆட்டோ போல ஓடும் மட்டாட்டு வேன்களின் தடங்களை மாணவர்கள் இப்படித்தான் போனை எடுத்துக்கொண்டு பயணம் செய்து பதிந்தார்கள். 2014இல் நகரத்துக்கே வரைபடம் கிடைத்தது. உங்களுக்கு ஒரே தடம்தான்.

இன்னொன்று, முதல் நாளே ஸ்டாண்டின் டிரைவர் சங்கத் தலைவரிடம் சொல்லிவிடுங்கள். நோட்டும் பேனாவுமாக யாராவது வண்டி நம்பரைக் குறித்தால் கேஸ் போட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து வண்டிகள் அடுத்த தெருவில் ஆள் ஏற்றத் தொடங்கும், உங்கள் எண்ணிக்கை வீணாகிவிடும்.

கூட்ரோடு_வாசி:

எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். நிற்க இடம் கேட்பது என்று முடிவானால் எங்கே, எவ்வளவு இடம் கேட்பது? கூட்ரோட்டை விட்டுத் தள்ளிப் போட்டால் ஆள் நடந்து வர மாட்டார்கள் என்கிறார்கள்.

தடம்_எண்:

சிக்னலைத் தாண்டிய பக்கம், பஸ் நிறுத்தம் முடிந்த பிறகு. நிறுத்தம் தொடங்கும் இடத்திலேயே வண்டிகள் நின்றால்தான் பஸ் உள்ளே வர முடியாமல் போகிறது. மேஜிக் கிட்டத்தட்ட 3.8 மீட்டர், முன்னும் பின்னும் இடைவெளி சேர்த்து வண்டிக்கு 5 மீட்டர். மூன்று வண்டிக்கு 15 மீட்டர் போதும். முதல் வண்டி மட்டும் ஆள் ஏற்றும், அடுத்த இரண்டும் வரிசையில், மற்றவை பக்கத்துத் தெருவிலோ காலி மனையிலோ. முதல் வண்டி கிளம்பினால்தான் அடுத்தது வரலாம். இந்த ஒழுங்கு இல்லாமல் 15 மீட்டரில் பெயிண்ட் அடித்தால் ஒரு வாரத்தில் அங்கே ஏழு வண்டி நிற்கும்.

நடந்து வருவார்களா என்றால், முதல் வண்டி எப்போதும் அங்கேதான் நிற்கும் என்று தெரிந்தால் வருவார்கள். ஒரே ஒரு வண்டி கூட்ரோட்டிலேயே ஏற்றினாலும் மற்றவர்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள். அந்த ஒருவரைத் தடுக்க வேண்டியது வரிசை பார்க்கும் டிரைவர் சங்கத்து ஆள், காவலர் நாள் முழுக்க அங்கே நிற்க முடியாது. அதனால் மனுவில் அந்தச் சங்கத்தின் கையெழுத்தையும் வாங்குங்கள்.

ஆர்.சி_புக்:

சங்கம் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். செனகலின் டக்காரில் பழைய வேன்களை மாற்றியபோது தனித்தனி உரிமையாளர்களிடம் பேசாமல், அவர்களைக் குழுக்களாகச் சேர்த்த பிறகுதான் புது மினி பஸ்ஸுக்குக் கடன் கொடுத்தார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் 2009இல் ரேயா வாயா என்ற பஸ் சேவை தொடங்கியது, பிறகு அந்தத் தடத்தில் மினிபஸ் டாக்சி ஓட்டியவர்களே பஸ் கம்பெனியின் பங்குதாரர்கள் ஆனார்கள். ஓட்டுகிறவனுக்குப் பங்கு இல்லாமல் அவன் தடத்தை எடுத்தால் அவன் பக்கத்துத் தெருவில் ஓட்டுவான்.

டைம்கீப்பர்:

மனுவைப் போக்குவரத்துக் காவல் உதவி ஆணையர், ஆர்.டி.ஓ., பஸ் கிளை மேலாளர், மூவருக்கும் ஒரே நாளில் கொடுங்கள். நகல் கலெக்டர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு. இடத்தைக் குறித்துத் தருவது மாநகராட்சியா, ஊராட்சியா, நெடுஞ்சாலைத் துறையா என்பது அந்த ரோடு யாருடையது என்பதைப் பொறுத்தது, அதை முதலில் உறுதி செய்யுங்கள்.

அதற்கு முன்பே 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட) மனு போடுங்கள். உங்கள் தட எண்ணுக்குக் கடந்த மூன்று மாதத்தில் திட்டமிட்ட ட்ரிப் எத்தனை, ஓடியது எத்தனை, மணி வாரியாக. 30 நாளில் பதில் தர வேண்டும். இரவு 8 மணிக்கு மேல் எழுதியிருக்கும் ட்ரிப்புக்கும் ஓடிய ட்ரிப்புக்கும் வித்தியாசம் இருந்தால், புது பஸ் கேட்கத் தேவையில்லை, அட்டவணையில் இருப்பதையே ஓட்டச் சொல்லிக் கேட்கலாம்.