தொப்புள்கொடி ரத்தம்: இன்சுலின் வரவே இல்லை, கார்டிசோலும் தாறுமாறு – அவசரம்

ஆய்வுமாணவி:
நாளை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும். பிறந்த குழந்தைகளின் கொடி ரத்தத்தில் கார்டிசோல் (அழுத்தத்தில் கூடும் ஹார்மோன்), குளுக்கோஸ், இன்சுலின் பார்க்கிறேன். குளுக்கோஸ் பயப்படும் அளவுக்குக் குறைவு, இன்சுலின் சிலவற்றில் கிட் (ஹார்மோனை அளக்கும் பரிசோதனைத் தொகுப்பு) அளக்கும் அளவுக்குக்கூட இல்லை, கார்டிசோல் பாதிப் பேருக்கு அதிகம், மீதிப் பேருக்கு ரொம்பக் கம்மி. குழந்தைகள் எல்லாரும் நலம். கிட்டை மாற்றலாமா?

வெண்பனி:
சுகப்பிரசவமா, சிசேரியனா? ரத்தம் பிடித்தது எந்தக் குழாயில்? எடுத்து எவ்வளவு நேரம் கழித்துச் சுழற்றி அணுக்களைப் பிரித்தீர்கள்? எடுத்தது கொடியின் தமனியிலா, சிரையிலா?

கார்முகில்:
அம்மாவுக்கு பீட்டாமெத்தசோன் (குறைமாதப் பிரசவத்துக்கு முன் குழந்தையின் நுரையீரல் முதிரப் போடும் ஸ்டீராய்டு ஊசி) போட்டார்களா பாருங்கள், அதுதான் காரணமாக இருக்கும். அம்மாவின் கார்டிசோலில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடி செயலற்ற கார்டிசோனாக மாற்றிவிடும், இந்த மருந்தை அப்படி மாற்ற முடியாது, நேரே உள்ளே போய்க் குழந்தையின் கார்டிசோல் சுரப்பை அடக்கிவிடும்.

பழையவன்:
கொடியில் இரண்டு தமனி, ஒரு சிரை. சிரையில் வருவது நஞ்சுக்கொடியிலிருந்து, தமனியில் வருவது குழந்தையிடமிருந்து. இது முதலாண்டுப் பாடம். இதைக்கூடக் குறிக்காமல் கிட்டைக் குறை சொல்வதா?

வெண்பனி:
அவசரத்தில் கேட்கிறவரிடம் இந்தத் தொனி தேவையா?

ஆய்வகத்துக்காரர்:
குளுக்கோஸை ரத்த அணுக்களே தின்றுவிடும். பெரியவர்கள் ரத்தத்திலேயே அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும், பிறந்த குழந்தைக்குச் சிவப்பணு அதிகம் என்பதால் இன்னும் வேகம். இதைத் தடுக்க மருந்து சேர்த்த ஃபுளோரைடு குழாயும் உடனே நிறுத்தாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், அதனால் ஐஸில் வைத்துச் சீக்கிரம் பிரியுங்கள். அப்புறம், சீரம் (அணுக்களைப் பிரித்தபின் மிஞ்சும் தெளிந்த திரவம்) சிவந்திருந்ததா? சிவப்பணு உடைந்தால் வெளிவரும் நொதி இன்சுலினைச் சிதைத்துவிடும். இன்சுலினோடு சேர்ந்தே சுரக்கும் சீ-பெப்டைடுக்கு அந்தத் தொல்லை இல்லை. கர்ப்பகாலச் சர்க்கரை பற்றி 2008இல் வந்த ஹாப்போ ஆய்வு கொடி ரத்தத்தில் அதைத்தான் அளந்தது.

பழையவன்:
கார்டிசோலுக்கு மாஸ் ஸ்பெக் (மூலக்கூறுகளை நிறையால் பிரித்தறியும் இயந்திரம்) இல்லாமல் பேசுவதே வீண். நிறைமாதக் கொடி ரத்தத்தில் கார்டிசோலைவிட கார்டிசோன்தான் அதிகம், கிட் ஓரளவு அதையும் சேர்த்து எண்ணிவிடும்.

கார்முகில்:
எல்லாருக்கும் அந்த இயந்திரம் எங்கே கிடைக்கும்? ஒரே கிட்டில் அளந்து குழுக்களை ஒப்பிட்டால் போதாதா?

பழையவன்:
போதாது. கார்டிசோன் எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவா இருக்கிறது? குழுக்களுக்குள்ளேயே அது மாறினால் உங்கள் ஒப்பீடு எதை ஒப்பிடுகிறது?

கார்முகில்:
அப்படிப் பார்த்தால் கிட்டில் செய்த எந்த ஆய்வையும் நம்ப முடியாது.

பழையவன்:
எச்சரிக்கையோடு படியுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

ஆய்வுமாணவி:
எல்லாம் நிறைமாதம், பீட்டாமெத்தசோன் ஊசி யாருக்கும் இல்லை. சிவந்த சீரத்தில்தான் இன்சுலின் காணோம். கார்டிசோல் கம்மியான பாதி பெரும்பாலும் சிசேரியன். சீ-பெப்டைடுக்கு சீரம் மீதம் இருக்கிறது. நன்றி, ஓடுகிறேன்.

வெண்பனி:
சரி, ஆனால் வலி வந்த பிறகு செய்த சிசேரியனைத் தனியாக வையுங்கள். கார்டிசோலை ஏற்றுவது பிரசவ வலியின் அழுத்தம், அதைப் பார்த்த குழந்தைகளைத் திட்டமிட்ட சிசேரியனோடு கலந்தால் வித்தியாசம் மங்கிவிடும். தமனியா சிரையா என்பதை இன்னும் சொல்லவில்லையே?