மெமரி கார்டிலிருந்து ரா படங்களை முழுதாக மீட்க வேண்டும், உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. எஸ்டி கார்டு ஒன்று திறக்கவே மாட்டேன் என்கிறது. நிக்கான் டி750 கேமரா, 64 ஜிபி கார்டு, 412 ரா படங்கள் (கேமரா பதியும் மூல வடிவப் படங்கள்).

கல்யாண ஆர்டர்கள் ரீல்ஸ் எடுப்பவர்கள் பக்கம் போய்விட்டன. இரண்டு வருடமாகப் பயணப் படங்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. போன வாரம் மூன்று நாள் பாம்பன், தனுஷ்கோடி. 1964 புயலில் இடிந்த தேவாலயச் சுவரோரம் ஒரு பாட்டி சிப்பி மாலை கோத்துக்கொண்டிருந்தார். விரலிடுக்கில் மணல், பல்லில் கடித்த நூல். அந்தப் படமும் இதில்தான் இருக்கிறது.

ராத்திரி லாட்ஜில், கேமராவின் பச்சை விளக்கு அணைவதற்குள் கார்டை உருவிவிட்டேன். அப்போதிலிருந்து கார்டை லேப்டாப்பில் போட்டால் ஃபார்மட் செய்யச் சொல்கிறது. இரண்டாம் ஸ்லாட்டை வீடியோவுக்கு ஒதுக்கியிருந்ததால் பேக்கப் கிடையாது.

வேறு ரீடர், வேறு லேப்டாப் பார்த்தாயிற்று. கார்டை அப்படியே இமேஜ் (முழு நகல்) எடுத்து, ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டினேன். 380 ஃபைல் வந்தது. பாதிக்கு மேல் திறந்தால் மேல்பாகம் மட்டும் தெரிகிறது, கீழே வெறும் சாம்பல் நிறம். மதுரையில் ஒரு கடையில் ஃபார்மட் செய்துவிட்டுத்தான் பார்க்க முடியும் என்றார்கள், கொடுக்கவில்லை. கார்டில் அதன்பின் எதுவும் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை படங்களை ஒப்படைக்க வேண்டும்.

மதுரையிலோ சென்னையிலோ இப்படிப் பாதியாக வந்த ரா ஃபைல்களை முழுதாக மீட்டுக் கொடுத்தவர் யாரையாவது உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா?