செவ்வந்தி பிரான்ஸில் எப்படிக் கல்லறைப் பூ ஆனது?

நிலக்கோட்டைப்பொண்ணு:
வணக்கம். பிரான்ஸுக்கு வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன வாரம், அக்டோபர் கடைசியில், கூட வேலை பார்க்கிற ஓர் அம்மா வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று கடைத்தெருவுக்குப் போனால் எல்லாக் கடை வாசலிலும் தொட்டி தொட்டியாகச் செவ்வந்தி, மஞ்சளும் வெள்ளையும் கருஞ்சிவப்புமாக. ஊரில் எங்கள் தோட்டத்தில் விடியும் முன்னே பறித்துச் சந்தைக்கு அனுப்புகிற பூ. இத்தனை நாள் கழித்துப் பார்த்ததும் மனசு நிறைந்துபோய், இருப்பதிலேயே பெரிய தொட்டியாக வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவரின் முகம் ஒரு நொடி மாறிவிட்டது. அன்பாகத்தான் வாங்கி வைத்தார். சாப்பிட்டு முடித்த பிறகு, இங்கே இது கல்லறைக்கு வைக்கிற பூ, விருந்துக்குப் போகிற வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு எனக்குத் தூக்கமே இல்லை. நாம் தலையில் வைக்கிற, ஆயுத பூஜைக்கு வண்டிக்கெல்லாம் மாலை போடுகிற பூவுக்கு இங்கே எப்படி இந்த அர்த்தம் வந்தது? ஓவியத்திலும் கவிதையிலும்கூட இது சாவுப் பூதானா?

மண்வெட்டி:
நான் தோட்டக்கலை படித்தவன், அதனால் செடியிலிருந்து தொடங்குகிறேன். செவ்வந்தி குறும்பகல் தாவரம். பகல் சுருங்கி இரவு நீளும்போதுதான் மொட்டு வைக்கும். (பூப்பதைத் தள்ளிப்போட வேண்டுமானால் பசுமைக்குடிலில் ராத்திரி விளக்கு போட்டுச் செடியை ஏமாற்றுவார்கள்.) ஐரோப்பாவில் இரவு நீளுகிற காலம் என்றால் இலையுதிர்காலம். மற்ற பூக்கள் குளிரில் கருகிப்போகும்போது இது மட்டும் லேசான உறைபனியையும் தாங்கி நிற்கும். அந்த நேரத்தில்தான் கத்தோலிக்கர்களுக்கு நவம்பர் 1 புனிதர் எல்லோர் திருநாள், மறுநாள் இறந்தோர் நினைவு நாள். கல்லறைக்கு வைக்க வேறு எந்தப் பூ இருக்கிறது?

இன்னொன்று, இது அவர்கள் மண்ணில் பிறந்த பூவே இல்லை. சீனாவிலிருந்து 1789இல் பிளான்கார் என்ற வணிகர் மார்செய் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. முதல் உலகப் போரில் சுமார் 14 லட்சம் பிரெஞ்சு வீரர்கள் இறந்தார்கள், போர் நின்றது 1918 நவம்பர் 11, அதுவும் இந்தப் பூ பூக்கிற நாள்தான். அதற்குப் பிறகு கல்லறைக்குச் செவ்வந்தி என்பது நாடு முழுக்க வேரூன்றிவிட்டது. வெறும் அலங்காரப் பதவியை 'செவ்வந்திகளைத் திறந்து வைப்பது' என்று சொல்கிற வழக்குகூட அங்கே உண்டு. 1965இல் அதிபர் டி கால், தான் அந்த வேலைக்கு வந்தவன் இல்லை என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார்.

கீழைவேலி:
மண்வெட்டி சொன்ன அதே குணத்துக்குச் சீனர்கள் நேர் எதிரான அர்த்தம் வைத்திருக்கிறார்கள், எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. பனியில் எல்லாம் உதிரும்போது வளையாமல் நிற்பதால் இது அவர்களுக்கு நேர்மையின் பூ, நீண்ட ஆயுளின் பூ. தாவோ யுவான்மிங் என்ற கவிஞர் 405இல் அரசு வேலை வேண்டாம் என்று உதறிவிட்டுக் கிராமத்துக்குத் திரும்பியவர். கிழக்கு வேலியோரம் செவ்வந்தி பறித்துக்கொண்டே தூரத்து மலையைப் பார்ப்பதாக அவர் எழுதிய வரி இன்றுவரை உயிரோடு இருக்கிறது, அதற்குப் பிறகு சீன ஓவியத்தில் வேலியும் செவ்வந்தியும் வந்தாலே அவர் நினைவுதான். ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் பண்டிகையில் செவ்வந்தி போட்ட மது குடிப்பார்கள், ஆயுளுக்காக.

ஒஸாக்காவாசி:
ஜப்பானில் இரண்டும் உண்டு. 16 இதழ்ச் செவ்வந்திதான் அரச குடும்பத்தின் முத்திரை, இங்கே கடவுச்சீட்டு அட்டையிலும் செவ்வந்தி, 50 யென் நாணயத்திலும் செவ்வந்தி. ஆனால் சாவு வீட்டுக்குப் போனால் மேடை முழுக்க வெள்ளைச் செவ்வந்தி.

தூரிகை:
ஓவியத்தில் சாவுப் பூதானா என்று கேட்டீர்களே, இல்லவே இல்லை, அதுவும் பிரான்ஸிலேயே இல்லை. பிரெஞ்சு ஓவியர் கய்போத் தன் தோட்டத்தில் வளர்ந்த வெள்ளை, மஞ்சள் செவ்வந்திகளை 1893இல் வரைந்தார். வானமும் இல்லை, தரையும் இல்லை, துணி முழுக்கப் பூ. அதற்கு அடுத்த வருடம் அவர் இறந்துவிட்டார். நண்பர் மோனே அந்தப் படத்தைத் தன்னோடு வைத்திருந்தார், அப்புறம் 1897 வாக்கில் அவரும் அதே மாதிரி விளிம்புவரை செவ்வந்தியாக நிரப்பி வரைந்தார். அவர் வீட்டுச் சுவரில் ஜப்பானிய அச்சுப் படங்கள் நிறைய, ஹொகுசாயின் செவ்வந்தியும் அவர் சேகரிப்பில் உண்டு. அவர்கள் கண்ணில் பட்டது நிறமும் இதழ்களின் நெரிசலும்தான். கய்போத்தின் படம் பாரிஸில் மார்மோத்தான் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. போய்ப் பாருங்கள், அந்த ராத்திரி வருத்தம் போய்விடும். இசையில் வேண்டுமானால் துக்கம் உண்டு. இத்தாலியின் புச்சினி 1890இல் ஒரு பிரபு இறந்தபோது நான்கு நரம்புக் கருவிகளுக்கு எழுதிய சிறிய படைப்புக்குப் பெயரே 'செவ்வந்திகள்'.

மலைக்கோட்டை:
எங்கள் திருச்சி தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றே பெயர், தலபுராணமும் செவ்வந்திப் புராணம்தான். முனிவர் சிவனுக்காக வளர்த்த செவ்வந்தியை ஒருவன் திருடிக் கொடுத்ததை ராஜா வாங்கிக்கொண்டதால் உறையூரே மண்மாரியில் அழிந்தது என்று கதை. ஆனால் நாமும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. நம் ஊர்ச் சவ ஊர்வலத்தில் தெருவெல்லாம் இறைக்கிற பூவில் சாமந்தியும் இருக்கிறதே. நமக்குச் சாமிக்கும் அதுதான், போகிறவருக்கும் அதுதான்.

நிலக்கோட்டைப்பொண்ணு:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மலைக்கோட்டை சொன்னதைப் படித்ததும் தாத்தாவைத் தூக்கிக்கொண்டு போன நாள் ஞாபகம் வந்தது, எங்கள் தோட்டத்துப் பூதான் அன்றைக்கு. இன்று காலையில் அந்த அம்மா என் மேசைக்கு வந்தார். நான் கொடுத்த தொட்டியை நவம்பர் 1 அன்று தன் அம்மாவின் கல்லறையில் வைத்துவிட்டு வந்தாராம், வரிசையிலேயே அதுதான் பெரிய தொட்டியாம். கைபேசியில் படம் காட்டினார்.